ஹவுஸா, டெக்னோவா, டிரான்ஸா? வாசகர் கேள்வி பதில்

இந்த வாரம் முழுக்க எலக்ட்ரானிக் நடன இசை மட்டும்தான். சினிமா கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

ஆர்.கே., திருச்சி: சார், ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் என்று ஹாஸ்டல் ரூமில் தினமும் சண்டை. எனக்கு மூன்றுமே "டம் டம் டம் டம்" என்றுதான் கேட்கிறது. எப்படிப் பிரிப்பது?

உங்கள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை. மூன்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே விஷயம்தான், நாலு அடிக்கு நாலு கிக் (பெரிய டிரம்மின் அந்த "டம்"), நாலும் சம இடைவெளியில். அதை வைத்துப் பிரிக்கப் பார்த்தால் நடக்காது. கிக்கைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு அதைச் சுற்றி என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஹவுஸ் என்றால் ஒவ்வொரு இரண்டு கிக்குக்கும் நடுவில் ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டு "ட்ஸ்" என்று திறந்து மூடும், இரண்டாவது நாலாவது அடியில் கைத்தட்டல் மாதிரி ஒரு சத்தம் விழும், பேஸ் என்ற அடித்தள ஒலி துள்ளும், எங்கிருந்தாவது ஒரு பியானோவோ சோல் பாடகரின் குரலோ எட்டிப் பார்க்கும். டெக்னோவில் குரல் அநேகமாக இருக்காது, மெட்டும் இருக்காது. ஒரு சின்ன ஒலித்துணுக்கு விடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அதன் நிறம் மட்டும் நாலைந்து நிமிஷத்தில் உங்களுக்குத் தெரியாமலேயே வேறாகியிருக்கும். டிரான்ஸுக்கு மெட்டுதான் உயிர். நடுவில் கிக்கை நிறுத்திவிட்டு மெட்டை மட்டும் ஏற்றி, இன்னும் ஏற்றி, இதற்கு மேல் தாங்காது என்கிற இடத்தில் கிக்கோடு சேர்த்து இறக்கி விடுவார்கள்.

வேகத்தை நம்பாதீர்கள். ஹவுஸ் நிமிஷத்துக்கு 118 முதல் 130 அடி, டெக்னோ 125 முதல் 150 வரை, டிரான்ஸ் 130 முதல் 140 என்று ஒரு கணக்கு உண்டு. ஆனால் 130இல் மூன்றும் வந்து நிற்கும்போது ஆப் எண்ணிச் சொல்லும் பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை அடி என்ற எண்) உங்களுக்கு எதையும் சொல்லாது.

பிரித்துக் கேட்க நல்ல வழி, ஒவ்வொன்றும் எந்த ஊரில் யாருக்காக உண்டானது என்று தெரிந்துகொள்வது. ஹவுஸ் சிகாகோவுடையது. 1977இல் அங்கே வேர்ஹவுஸ் என்று ஒரு கிளப் திறந்தார்கள், நியூயார்க்கிலிருந்து வந்த ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே டிஜே. வந்து ஆடியவர்கள் பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் தன்பாலின இளைஞர்கள், அதாவது ஊரில் மற்ற இடங்களில் நிம்மதியாக ஆட முடியாதவர்கள். 1979இல் அதே சிகாகோவில் காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவித்து வெடி வைத்து வேடிக்கை பார்த்தார்கள், கூட்டம் மைதானத்துக்குள் புகுந்து அடுத்த ஆட்டமே ரத்தானது. பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன, புதுத் தட்டு வரத்து குறைந்தது. அப்போது நக்கிள்ஸ் மாதிரி டிஜேக்கள் பழைய டிஸ்கோவை வெட்டி ஒட்டி நீட்டினார்கள், அடியில் டிரம் மெஷினை ஓட்டினார்கள். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் "ஆன் அண்ட் ஆன்" என்ற தட்டை வெளியிட்டபோது, இதை நாமே செய்துவிடலாம் போலிருக்கிறதே என்று பாதி ஊர் மெஷின் வாங்கியது. வேர்ஹவுஸ் இருந்த கட்டடத்தை 2023இல் சிகாகோ நகராட்சி பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்திருக்கிறது, ரொம்பத் தாமதம்தான்.

டெக்னோ டெட்ராய்ட். ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்று பெல்வில் என்ற சின்ன ஊரில் பள்ளியில் ஒன்றாகப் படித்த மூன்று கறுப்பின இளைஞர்கள். கார் ஆலைகள் ஆள்குறைப்பு செய்துகொண்டிருந்த காலம், ராத்திரி ரேடியோவில் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் என்ற எலக்ட்ரானிக் குழுவும் அமெரிக்க ஃபங்க் இசையும் அடுத்தடுத்து ஒலிக்கும், இரண்டும் கலந்து இவர்கள் தலையில் ஏறிவிட்டது. அப்புறம் 1991இல் பெர்லினில் பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் ஒன்றின் பாதாள லாக்கர் அறையில் டிரேசர் என்ற கிளப் வந்தது, சுவர் விழுந்து காலியாகக் கிடந்த கிழக்குப் பகுதி. டெட்ராய்ட் ஆட்களைக் கூட்டிவந்து வாசிக்கவைத்தார்கள். இன்றைக்கு டெக்னோ என்றால் பெர்லின் என்று ரூம்மேட் யாராவது சொன்னால் பெல்வில் என்று ஒரு ஊர் இருப்பதை நினைவுபடுத்துங்கள். டிரான்ஸ் 90களின் தொடக்கத்தில் ஃபிராங்க்ஃபர்ட், பெர்லின் பக்கம் முளைத்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும், எனக்கு அதில் பெரிய பிடிப்பு இல்லை.

எம்.எஸ்., சேலம்: அசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தது ஒரு இந்தியர் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

பாதி உண்மை. அசிட் ஹவுஸ் என்பது டிபி-303 என்ற மெஷினின் நெளியும் பேஸ் ஒலியை முன்னால் வைக்கும் ஹவுஸ் வகை. சரண்ஜித் சிங் என்று மும்பையில் ஒருவர் இருந்தார், இந்திப் பட இசையமைப்பாளர்களின் குழுக்களில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தவர். 1982இல் டிஆர்-808, டிபி-303, ஜூப்பிட்டர்-8 என்று ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் மூன்று மின்னணு இசைக் கருவிகளை வைத்துக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அன்றைக்கு யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சின்ன லேபிள் அதை மறுபடி வெளியிட்டபோது உலகமே வாயைப் பிளந்தது. கேட்டுப் பாருங்கள், பைரவும் கலாவதியும் சிகாகோ கிளப்பில் போய் நின்ற மாதிரி இருக்கும்.

சிகாகோவில் அசிட் ஹவுஸைத் தொடங்கிவைத்த "அசிட் டிராக்ஸ்" 1987இல் வெளிவந்தபோது அதைச் செய்த ஃபியூச்சர் குழுவினர் இந்தத் தட்டைக் கேட்டதாக எந்தத் தடயமும் கிடையாது. பிறகு எப்படி ஒரே சத்தம்? மெஷின் ஒன்று, அவ்வளவுதான். டிபி-303 என்பது தனியாகப் பயிற்சி செய்யும் கிட்டார்காரருக்குத் துணைக்கு பேஸ் வாசிக்கட்டும் என்று ரோலண்ட் செய்த வெள்ளிநிறப் பெட்டி. உண்மையான பேஸ் கிட்டார் மாதிரி ஒலிக்கவே இல்லை, புரோகிராம் செய்வதற்குள் பொறுமை போய்விடும், விற்கவில்லை, 1984இல் நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடைத்தது. ஃபியூச்சர் குழுவில் டிஜே பியர் அதன் ஃபில்டர் திருகுகளை ஓடும்போதே திருகித் திருகிப் பார்த்தார், அந்த "வ்யாவ் வ்யாவ்" பிறந்தது.

அந்த டேப்பை மியூசிக் பாக்ஸ் கிளப்பின் ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். பியர் பல பேட்டிகளில் சொன்ன கதை இது: முதல் முறை ஓட்டியதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் தளத்தை விட்டே போய்விட்டார்கள். ஹார்டி விடவில்லை. அதே ராத்திரி இரண்டாவது முறை, மூன்றாவது முறை. நாலாவது முறை ஓட்டியபோது கூட்டம் பைத்தியம் பிடித்தாற்போல் ஆடியது. ஒரு டிஜேவின் பிடிவாதம் இல்லையென்றால் அசிட் ஹவுஸ் என்று ஒன்றே இருந்திருக்காது. சரண்ஜித் சிங்குக்கு அப்படி ஒரு கிளப்பும் இல்லை, அப்படி ஒரு ஹார்டியும் இல்லை. அவருடைய தட்டு முதலில் வந்தது என்பது நிச்சயம், ஆனால் அதிலிருந்து ஒரு வழி கிளம்பவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும், வீடியோக்காரர்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு லைக் கேட்கிறார்கள்.

பெயர் வேண்டாம், கோவை: டெக்னோ நிகழ்ச்சிக்குக் கறுப்புச் சட்டைதான் போட வேண்டுமா?

வேட்டியில் போங்கள், இருட்டில் யாருக்கும் தெரியாது. ஷூ மட்டும் வசதியாக இருக்கட்டும், ராத்திரி முழுக்க நிற்க வேண்டியிருக்கும்.

வி., நாகர்கோவில்: டப்ஸ்டெப் பிடிக்கும் என்று சொன்னேன். "ஸ்கிரிலெக்ஸ் எல்லாம் டப்ஸ்டெப்பே இல்லை" என்று ஒரு அண்ணன் மட்டம்தட்டிவிட்டார். அப்போ எதுதான் டப்ஸ்டெப்?

அந்த அண்ணன் சொன்ன விதம் தப்பு, விஷயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது.

தெற்கு லண்டனில் குராய்டன் என்று ஒரு புறநகர், அங்கே சந்தைத் தெருவில் பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு இசைத்தட்டுக் கடை. ஸ்கிரீம், பெங்கா என்று பள்ளிக்கூட வயசுப் பையன்கள் அங்கேயே பழியாகக் கிடப்பார்கள். அப்போது லண்டனில் கராஜ் என்ற பளபளப்பான இசை ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் அதிலிருந்து பாட்டையும் பளபளப்பையும் உருவிவிட்டு, ஜமைக்கா டப் இசையின் எதிரொலியையும் பேஸையும் மட்டும் மிச்சம் வைத்தார்கள். வேகம் 140, ஆனால் ஸ்நேர் டிரம் மூன்றாவது அடியில் மட்டும் விழும், அதனால் உடம்புக்கு 70 மாதிரிதான் தெரியும். அடிக்கும் அடிக்கும் நடுவே அவ்வளவு வெற்றிடம். அந்த வெற்றிடத்தில் பேஸ் வந்து நிற்கும், காதில் கேட்பதைவிட நெஞ்செலும்பில் கேட்கும். 2005இல் பிரிக்ஸ்டனில் டிஎம்இசட் என்ற ராத்திரி நிகழ்ச்சி தொடங்கியது, ஒரு தேவாலயக் கட்டடத்துக்குள் இயங்கிய கிளப்பில். புதுப் பாட்டுகளை அசிடேட் தட்டில் வெட்டி எடுத்துவருவார்கள், சில டஜன் தடவை ஓட்டினால் தேய்ந்துவிடும் தட்டு. கேட்க வேண்டுமானால் நேரில் போயாக வேண்டும். 2006 ஜனவரியில் பிபிசி ரேடியோ 1இல் மேரி ஆன் ஹாப்ஸ் இவர்களையெல்லாம் ஒரே நிகழ்ச்சியில் கூட்டிவந்து வாசிக்கவைத்த பிறகுதான் வெளியூருக்கே விஷயம் தெரிந்தது.

அமெரிக்கரான ஸ்கிரிலெக்ஸ் 2010இல் வருகிறார். அந்த 140ஐ எடுத்துக்கொண்டார், பாதி வேக ஸ்நேரை எடுத்துக்கொண்டார், ஆனால் தூக்கலாக வைத்தது அடிபேஸை இல்லை, நடுப்பகுதியில் உறுமும் ஒலியை. லேப்டாப்பிலும் கார் ஸ்டீரியோவிலும் கேட்கிற ஒலி அது. அமெரிக்கா விழுந்துவிட்டது, 2012இல் மூன்று கிராமி. லண்டன்காரர்கள் முகம் சுளித்து அதற்கு பிராஸ்டெப் என்று கிண்டலாகப் பெயர் வைத்தார்கள். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் இடமுண்டு, ஆனால் ஸ்கிரிலெக்ஸை மட்டும் கேட்டுவிட்டு டப்ஸ்டெப் தெரியும் என்பவருக்கு டிஎம்இசட் நடத்திய டிஜிட்டல் மிஸ்டிக்ஸ் ஜோடி செய்ததை நல்ல ஹெட்ஃபோனில் போட்டுக்காட்டினால் "பாட்டு எப்போ சார் ஆரம்பிக்கும்" என்பார். நீங்கள் அதையும் ஒரு வாரம் கேட்டுப் பாருங்கள். அப்புறமும் ஸ்கிரிலெக்ஸ்தான் பிடிக்கிறது என்றால் அண்ணனிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஜே.பி., விழுப்புரம்: நல்ல ஹெட்ஃபோன் என்று சொல்லிச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறீர்கள். போன் ஸ்பீக்கரில் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பாதிப் பாட்டு குறைந்துவிடும். இந்த இசையில் முக்கால்வாசி வேலை நடப்பது 40, 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில். போனின் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த ஆழமே எட்டாது, உங்களுக்குக் கேட்பது ஹை-ஹாட்டும் கைத்தட்டலும்தான். விலை உயர்ந்தது வேண்டாம், காதை நன்றாக அடைக்கிற சாதாரண வயர் இயர்போன் போதும்.

தி.மு., மதுரை: டிரம் அண்ட் பேஸ் கேட்கும்போது ஒரே சமயத்தில் வேகமாகவும் மெதுவாகவும் இருக்கிறது. பிரமையா?

பிரமை இல்லை, அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். டிரம் 174 வேகத்தில் ஓடும், பேஸ் அதில் பாதியில், 87இல் நடக்கும். எதனோடு ஆடுவது என்பது உங்கள் விருப்பம். களைத்துப்போனால் பேஸோடு சேர்ந்துகொள்ளலாம், அனுபவஸ்தர்கள் அப்படித்தான் விடிய விடிய ஆடுகிறார்கள்.

அந்த டிரம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற அமெரிக்க சோல் குழு ஒரு சிங்கிள் வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் இடத்தை நிரப்ப "ஆமென், பிரதர்" என்று ஒரு வாத்தியப் பாட்டு. நடுவில் மற்றவர்கள் நிறுத்திக்கொள்ள, கிரெகரி கோல்மன் தனியாக நாலு பார் (ஒரு பாருக்கு நாலு அடி) டிரம் வாசிப்பார். ஏழு விநாடிதான் இருக்கும். 80களில் ஹிப்-ஹாப்காரர்கள் அதை சாம்பிளர் என்ற ஒலித்துண்டு பிடிக்கும் கருவியில் பிடித்தார்கள், 90களின் தொடக்கத்தில் லண்டனில் அதை வேகமாக ஓட்டி, துண்டு துண்டாக வெட்டி, இடம் மாற்றி அடுக்கினார்கள். ஜங்கிள் என்ற இசை பிறந்தது, அதிலிருந்து டிரம் அண்ட் பேஸ். எத்தனை ஆயிரம் பாட்டில் அந்த ஏழு விநாடி இருக்கிறது என்று எண்ணி முடியாது. கோல்மன் 2006இல் வீடில்லாத நிலையில் இறந்தார், ஒரு பைசா ராயல்டி வரவில்லை. குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015இல் ரசிகர்கள் இணையத்தில் வசூலித்து 24,000 பவுண்டு அனுப்பினார்கள். கோல்மனுக்கு அதுவும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கோல்டியின் 1995 ஆல்பம் "டைம்லெஸ்", பிறகு 1997இல் மெர்க்குரி பரிசு வாங்கிய ரோனி சைஸ் குழுவின் "நியூ ஃபார்ம்ஸ்". இந்த இரண்டும் பிடிக்கவில்லை என்றால் இந்தப் பக்கம் வராதீர்கள், வேறு எவ்வளவோ இருக்கிறது.

கே.எல்., சென்னை: புரோகிரெசிவ் ஹவுஸ் என்று தேடினால் ஒரு பக்கம் அவிச்சி வருகிறார், இன்னொரு பக்கம் சம்பந்தமே இல்லாத பழைய மிக்ஸ் வருகிறது. யார் சொல்வது சரி?

இரண்டு பேரும். 90களில் இங்கிலாந்தில் சாஷா, டிக்வீட் போன்றவர்கள் ஓட்டிய, மெதுவாக அடுக்கடுக்காக விரியும் நீளமான இசைக்கு அந்தப் பெயர். 2010 வாக்கில் அவிச்சி போன்ற சுவீடன்காரர்களின் ஸ்டேடியம் பாட்டுகளுக்கும் அதே பெயரை ஒட்டிவிட்டார்கள். ஒட்டியது யார் என்றால், பெரும்பாலும் பாட்டு விற்கும் கடைகள். டிஜேக்கள் பாட்டு வாங்கும் பீட்போர்ட் தளம் 2018இல் "மெலடிக் ஹவுஸ் அண்ட் டெக்னோ" என்று ஒரு புதுப் பிரிவைத் திறந்தது, அதற்கு முன் வெவ்வேறு பிரிவுகளில் சிதறிக் கிடந்த ஆட்கள் அங்கே குடியேறினார்கள், இன்றைக்கு அதைத் தனி இசை வகை என்றே பேசுகிறார்கள். அதனால் கிளைப்பெயர்களை மளிகைக்கடை டப்பாவில் ஒட்டிய சீட்டு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள், திறந்து முகர்ந்து பார்க்காமல் நம்ப வேண்டாம். ஊர், காலம், யார் வாசித்தது என்ற மூன்றையும் தெரிந்துகொண்டால் பெயர் தானாக வந்துவிடும். பிரிவுப் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு ஒரு ராத்திரி செட்கூட முழுசாகக் கேட்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள், கமெண்ட் பகுதியில் சத்தம் அவர்களுடையதுதான்.

எஸ்.பி., ஈரோடு: ஆசையாக இரண்டு மணி நேர டிஜே மிக்ஸ் போட்டேன், இருபது நிமிஷத்தில் தூக்கம். ஒன்றுமே நடக்கவில்லையே?

நாலு நிமிஷத்தில் பல்லவி, சரணம் எல்லாம் முடிந்துவிடும் பாட்டுக்குப் பழகிய காது, அதனால் அப்படித்தான் தோன்றும். ஒன்று செய்யுங்கள், எட்டு எட்டாக எண்ணுங்கள். நாலு அடி ஒரு பார், எட்டு பாருக்கு ஒரு தரம், இல்லையென்றால் பதினாறு பாருக்கு ஒரு தரம் ஏதாவது ஒன்று கண்டிப்பாக மாறும்: ஒரு ஹை-ஹாட் சேரும், பேஸ் விலகும், ஒரு சத்தம் திறக்கும். முதலில் எண்ணிக்கொண்டு இருப்பீர்கள், அப்புறம் எண்ணாமலே எதிர்பார்ப்பீர்கள். நம் ஆட்களுக்கு ஆவர்த்தனக் கணக்கு புதிதில்லை, கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு எழுந்து காபி குடிக்கப் போகாத ஆளாக இருந்தால் சீக்கிரம் பிடிபடும்.

இன்னொன்று, பாட்டின் ரேடியோ வடிவத்தைக் கேட்காதீர்கள், எக்ஸ்டெண்டட் மிக்ஸ் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். அதில் முதல் ஒரு நிமிஷமும் கடைசி ஒரு நிமிஷமும் வெறும் டிரம்தான் இருக்கும். சும்மா இழுக்கவில்லை, அடுத்த பாட்டின் தலையை இந்தப் பாட்டின் வால்மேல் ஏற்ற டிஜேவுக்கு அந்த இடம் வேண்டும். ஒரு பாட்டிலிருந்து பேஸைக் குறைத்து, இன்னொன்றின் பேஸை ஏற்றுகிற அந்தக் கணத்தைக் கண்டுபிடிப்பதுதான் விளையாட்டே. பிபிசி ரேடியோ 1இல் 1993 முதல் ஓடும் எசென்ஷியல் மிக்ஸ் தொகுப்பில் பிடித்த ஆள் ஒருவரை எடுத்து, சமைக்கும்போதோ பஸ்ஸிலோ ஓடவிடுங்கள். உட்கார்ந்து உற்றுக் கேட்கிற இசை இல்லை இது, கை கால் எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும்.

டி.ஆர்., திருநெல்வேலி: நம்ம குத்துப்பாட்டை எந்தக் கிளையில் சேர்க்கலாம்?

எதிலும் வேண்டாம். டப்பாங்குத்து மூன்று மூன்றாக உருளும் நடை, ஹவுஸ் நாலு நாலாக நடக்கும். வலிந்து பொருத்தினால் இரண்டும் கெடும், சில ரீமிக்ஸ்களில் கெட்டும் இருக்கிறது. ஆனால் நம் தாளம் அந்தப் பக்கம் போனதே இல்லை என்று சொல்ல முடியாது. ஈழத் தமிழரான எம்.ஐ.ஏ. 2007இல் வெளியிட்ட "கலா" ஆல்பத்துக்காகச் சென்னை வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்துகொண்டு போனார். "கலா" அவருடைய அம்மா பெயர், அதற்கு முந்தைய "அருளர்" அப்பா பெயர். உறுமியை அலங்காரத்துக்கு ஓரமாக வைக்கவில்லை, பாட்டின் முதுகெலும்பாகவே வைத்திருக்கிறார். அதை எந்தக் கிளையில் போடுவது என்று எந்தக் கடைக்கும் தெரியவில்லை.

அ.ந., தஞ்சாவூர்: இப்போது புதிதாக எதைக் கேட்கிறீர்கள்?

அமாபியானோ. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கத்து டவுன்ஷிப்களில் 2010களில் வளர்ந்தது. எங்கே பிறந்தது என்று இரண்டு ஊருக்கும் இன்னும் தகராறு. வேகம் 112 பக்கத்தில், அவசரமே இல்லை. நாலு கிக்கின் அதிகாரம் இங்கே கிடையாது, ஜாஸ் சாயலில் பியானோ, உலர்ந்த ஷேக்கர், நடுவில் லாக் டிரம் என்று ஒரு கட்டைத்தனமான பேஸ் எதிர்பாராத இடத்தில் இடிக்கும். இந்த லாக் டிரம் மரத்தில் செய்த மேளம் இல்லை, எஃப்எல் ஸ்டுடியோ என்கிற மென்பொருளுக்குள் சும்மா கிடந்த ஒரு ஒலி. பையன்கள் அதைப் போட்டு வதைத்து ஒரு நாட்டின் இசையாக்கிவிட்டார்கள், 303 கதை மாதிரியேதான். கப்ஸா டி ஸ்மால், டிஜே மஃபோரிஸா இருவரும் சேர்ந்து செய்தவற்றிலிருந்து தொடங்கலாம். ஒரு பாட்டு ஏழெட்டு நிமிஷம் போகும், பொறுத்திருங்கள், லாக் டிரம் வருவதற்கே மூன்று நிமிஷம் ஆகும்.

பி.வி., புதுச்சேரி: என் மகள் முதல் தடவையாகப் பெரிய டிஜே நிகழ்ச்சிக்குப் போகிறாள். என்ன சொல்லி அனுப்புவது?

தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், தோழிகளோடு போய்த் தோழிகளோடு திரும்பச் சொல்லுங்கள், மறக்காமல் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வந்தால் பதினைந்து நிமிஷம்தான். மேடைக்கு முன்னால் 100 என்பது சர்வசாதாரணம். பஞ்சு வைத்தால் மேல் சத்தம் மட்டும் மழுங்கி எல்லாம் மொத்தையாகக் கேட்கும். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் சிலிகான் வகை சத்தத்தை ஓரளவு சமமாகக் குறைக்கும். ஸ்பீக்கருக்கு நேர் முன்னால் நிற்க வேண்டாம், சவுண்ட் இன்ஜினியரின் மேசைக்குப் பின்னால் நின்றால் ஒலி நன்றாகவும் இருக்கும், கூட்டமும் குறைவு. நீங்களும் கூடப் போகப் போகிறீர்களா? அப்படியானால் இரண்டு ஜோடி வாங்குங்கள்.